பட்டமளிப்புக்குப் பின் பார்க்கவேண்டிய கணக்கு



பட்டமளிப்பு விழாக் காலம் வந்துவிட்டால் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துங்கு சான்சலர் மண்டபத்துக்கு வெளியேயும், பாங்கி, செர்டாங் முதலிய இடங்களில் உள்ள பல்கலைக்கழகங்களின் வாயில்களிலும் ஒரே காட்சியைக் காணலாம். அங்கியும் தொப்பியும் அணிந்த பிள்ளையை நடுவில் நிறுத்தித் தாயும் தந்தையும் படம் எடுத்துக்கொள்வார்கள். உற்றார் உறவினர் மலர்ச்செண்டு கொடுப்பார்கள். வாழ்த்துரைக்கும் ஒவ்வொருவரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இனி என்ன செய்யப் போகிறாய்?"

"வேலை தேடவேண்டும்" என்பதே பெரும்பாலோர் கூறும் விடை. இந்த விடையில் குற்றம் ஏதும் இல்லை. வீட்டு நிலைமை அறிந்த பிள்ளை வேறு என்ன சொல்லும்? ஆயினும் ஒரு வணிகர் புதுக்கணக்குத் தொடங்குமுன் பழைய கணக்கை முடித்துப் பார்க்கிறார். கையிருப்பு எவ்வளவு, கொடுக்கவேண்டியது எவ்வளவு என்று தெரிந்தபிறகே புது ஏட்டில் முதல் வரியை எழுதுகிறார். பல்கலைக்கழக வாழ்வை முடித்து வெளியேறும் மாணவரும் அவ்வாறே செய்தல் வேண்டும். அந்தக் கணக்கை எப்படிப் பார்ப்பது என்பதை இன்று விளக்க முற்படுகிறேன். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படியேறிய பிள்ளையை மனத்தில் வைத்தே பேசுகிறேன்.

கொடுத்தவர் யார்?

கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூருக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது காப்பார். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்களாக இருந்த வட்டாரம் அது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையின் ஒரு பகுதி போய்த் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. கடலோரத்தில் மின் நிலையம் எழுந்தது. தோட்டத்து வீடுகளில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கிருந்து பேருந்து ஏறிக் கிள்ளானுக்கு வந்து, இரயில் பிடித்துக் கோலாலம்பூரில் படிக்கிறார்கள்.

இந்தப் பயணம் எளிதாக அமைந்துவிடவில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் மாபெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், தோட்டத்துத் துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் இழிவை ஒழித்தல் எனப் பல கோரிக்கைகளை அவர்கள் முன்வைத்தார்கள். அவற்றுள் ஒன்று, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பது. அந்தப் போராட்டத்தை நடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பலர் இருந்த காலத்தில், கூலியோடு கல்வியையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1949இல், சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1956இல் அதில் இந்திய ஆய்வியல் துறை ஏற்பட்டது. அத்துறையில் முதன்மை பெறவேண்டியது சமஸ்கிருதமா, தமிழா என்ற வினா எழுந்தபோது, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வாதாடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் பொதுமக்களிடம் சிறு சிறு தொகையாக நிதி திரட்டி, அத்துறையின் தமிழ் நூலகத்துக்கு உதவினார். அந்தப் பணத்தில் கூலிக்காரர் காசும் உண்டு. 1962இல் கோலாலம்பூரில் அப்பல்கலைக்கழகம் தனித்து இயங்கத் தொடங்கியது. 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைத் தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் அங்கேயே கூட்ட முடிந்தது.

பின்னர் 1970இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் பிறந்தது. பிரிக்பீல்ட்ஸுக்கு அண்மையிலுள்ள பந்தாய் பாருவில் தொடங்கி, 1977இல் அது பாங்கிக்குக் குடிபெயர்ந்தது. 1971இல் செர்டாங்கில் விவசாயப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. இதற்கிடையே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திய பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். அச்சங்கம் உறுப்பினர் பிள்ளைகளின் கல்விக்கும் கைகொடுத்தது.

இவ்வரலாற்றை எதற்காகச் சொல்கிறேன்? பட்டதாரியின் கணக்கில் 'கொடுத்தவர்' என்னும் பக்கத்தில் தாய் தந்தையர் பெயர் மட்டும் இருந்தால் கணக்கு முடியாது. முகம் தெரியாத பலர் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

கையிருப்பு எது?

இனி, பெற்றது என்ன என்று பார்ப்போம். பல்கலைக்கழகம் ஒரு மாணவருக்கு மூன்று வகைச் செல்வங்களைத் தருகிறது.

முதலாவது, பாட அறிவு. பொறியியலோ, கணக்கியலோ, மொழியியலோ, எதுவாயினும் அது சான்றிதழில் எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாவது, பழக்கம். விடுதியில் பிற இன மாணவருடன் ஓர் அறையில் தங்கியது, மலாயிலும் ஆங்கிலத்திலும் கட்டுரை எழுதிக் குறித்த நாளில் ஒப்படைத்தது, நூலகத்தில் வேண்டிய நூலைத் தாமே தேடி எடுத்தது, கூட்டத்தின் முன் நின்று பேசியது ஆகியவை எல்லாம் இதில் அடங்கும். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள் சிறுகதைப் போட்டி நடத்தி, 'பேரவைக் கதைகள்' என்னும் தொகுப்புகளை வெளியிட்டிருக்கிறார்கள். அதற்காக நிதி கேட்டு அலைந்த மாணவருக்கும், அச்சுப் பிழை திருத்திய மாணவருக்கும், விழா மேடையை ஒழுங்கு செய்த மாணவருக்கும் அந்த அனுபவம் எந்தத் தேர்வுத்தாளிலும் மதிப்பெண் பெற்றுத் தந்திராது. ஆனால் வேலைக்குச் சென்ற முதல் மாதத்திலேயே அதன் பயன் தெரியும். நேர்முகத் தேர்வுக்குச் செல்பவர் இவற்றைச் சொல்லக் கூச்சப்படுதல் கூடாது.

மூன்றாவது செல்வத்தைப் பலரும் கவனிப்பதே இல்லை. அதனை வழியறிவு என்று சொல்லலாம். பல்கலைக்கழகத்துக்குப் போய்ச்சேரும் வழியை அறிந்திருப்பது என்று பொருள்.

இஃது ஒரு பெரிய செல்வமா என்று நீங்கள் கேட்கலாம். மருத்துவர் வீட்டிலும் வழக்கறிஞர் வீட்டிலும் பிறக்கும் பிள்ளைக்கு இது பெரிதன்று. இரவு உணவின்போதே அப்பாவும் அத்தையும் பேசுவதைக் கேட்டு அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறது. ஆனால் பால்மரம் வெட்டிய பாட்டியும், தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் தந்தையும் உள்ள வீட்டில் இதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நான்காம் படிவத்தில் எந்தப் பாடத்தை விட்டால் பின்னாளில் எந்தத் துறையின் கதவு மூடிக்கொள்ளும்? எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் சிறப்புத் தேர்ச்சி இல்லையென்றால் பொதுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது என்ன நேரும்? மெட்ரிகுலேஷன் நல்லதா, எஸ்.டி.பி.எம். நல்லதா? விண்ணப்பத்தில் துறைகளை எந்த வரிசையில் எழுதுவது? இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீட்டை எத்தனை நாளுக்குள் அனுப்புவது? உபகாரச் சம்பளத்துக்கும் கடனுக்கும் உள்ள வேறுபாடு என்ன?

இக்கேள்விகளுக்கு விடை தெரியாமையால் இடம் இழந்த பிள்ளை சோம்பேறியன்று, அறிவில் குறைந்ததுமன்று. வழி சொல்ல ஆள் இல்லை, அவ்வளவே. அந்த வீட்டில் முதலில் பட்டம் பெற்றவர், விழுந்தும் எழுந்தும், பிறரைக் கேட்டும், சிலவேளை வாய்ப்பைத் தவறவிட்டும் இவ்விடைகளைத் தெரிந்துகொண்டிருக்கிறார். சான்றிதழில் இல்லாத இந்தச் செல்வம் அந்தத் தெருவிலேயே அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது.

வழியறிவு பழையதாகும்

இச்செல்வத்துக்கு ஒரு குறை உண்டு. பாட அறிவு பல்லாண்டு நிற்கும். வழியறிவோ விரைவில் பழையதாகிவிடும்.

சில எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். ஆறாம் படிவ இறுதித் தேர்வு எஸ்.டி.பி.எம். என்னும் பெயரைப் பெற்றது 1982இல். பல்கலைக்கழகம் செல்வோர்க்கான மூவெட் என்னும் ஆங்கிலத் தேர்வு 1999இல் வந்தது. ஒரே மூச்சில் எழுதிவந்த எஸ்.டி.பி.எம். தேர்வு 2012இலிருந்து மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டது. 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றுப் பாடத்திலும் தேர்ச்சி பெறவேண்டும் என்ற விதி ஏற்பட்டது. ஆறாம் ஆண்டு மாணவர் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். 2021இல் கைவிடப்பட்டது. மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு 2022இல் கைவிடப்பட்டது. 2024இல், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-க்களும் அதற்கு மேலும் பெற்ற மாணவர்க்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார்.

ஆதலின், 1990ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற மாமா நல்லெண்ணத்தோடு சொல்லும் அறிவுரை இன்று பயன்படாமற்போகலாம். நேற்று வெளியேறியவரின் அறிவுரையே இன்று நான்காம் படிவத்தில் இருக்கும் பிள்ளைக்கு உதவும். "நான் முதலில் நிலைபெற்றுக்கொள்கிறேன், பத்து ஆண்டு கழித்துச் சமுதாயத்துக்கு ஏதாவது செய்கிறேன்" என்று கருதும் பட்டதாரி, பத்து ஆண்டு கழித்துப் பணம் கொடுக்கலாம். ஆனால் அன்று அவரால் வழி சொல்ல முடியாது. இதனை இந்தப் பேச்சின் மையக் கருத்தாக நீங்கள் கொள்ளவேண்டும்.

சம்பளக் கணக்கு

எனினும், வயிற்றுக்கு வழி செய்யாமல் பிறர்க்கு வழி சொல்ல இயலாது. எனவே எதிர்காலத் திட்டத்தில் முதலிடம் வேலைக்கும் பணத்துக்கும்தான்.

கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு பட்டதாரிக்கு முதல் சம்பளம் 2,800 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். சிலருக்கு இதனினும் குறைவாகவே கிடைக்கும். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட் என்பதையும் நினைவிற் கொள்க. ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்கு 11 வீதம் 308 ரிங்கிட் பிடிக்கப்படும். முதலாளி தம் பங்காக நூற்றுக்கு 13 வீதம் 364 ரிங்கிட் செலுத்துவார். ஆக, மாதம் 672 ரிங்கிட் உங்கள் பெயரில் சேரும். 'சேமநிதி பிடிக்கமாட்டோம், கையில் கூடுதலாகத் தருகிறோம்' என்று சொல்லும் முதலாளியிடம் ஏமாறாதீர்கள். கையில் வருவது கூடுதல்போல் தோன்றும். உண்மையில் இழப்பு உங்களுக்குத்தான்.

அடுத்தது கல்விக் கடன். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், அதாவது பி.டி.பி.டி.என்., பல இலட்சம் மாணவர்களுக்குக் கடன் கொடுத்திருக்கிறது. ஒருவர் 24,000 ரிங்கிட் கடன் பெற்று, பத்தாண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், முதலுக்கு மட்டும் மாதம் 200 ரிங்கிட் ஆகும். நிர்வாகக் கட்டணம் அதற்கு மேல். இக்கழகம் திரும்பப் பெறும் பணம் பின்வரும் மாணவர்க்கும் உதவுகிறது. ஆகவே தவணையைத் தவறவிடுவது தம்பி தங்கையர் தட்டில் கைவைப்பது போன்றதாகும்.

இவை போக 2,292 ரிங்கிட் இருக்கும். சொக்சோ சந்தா முதலிய சிறு பிடித்தங்களும் உண்டு. வீட்டுக்கு 400, அறை வாடகை 500 என்று எடுத்துவைத்தால் மீதி 1,392. உணவு, போக்குவரத்து, தொலைபேசி, உடை ஆகிய அனைத்தும் இதற்குள் அடங்கவேண்டும். இந்நிலையில் முதல் ஆண்டிலேயே தவணையில் புதுக் கார் வாங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. காப்பாரிலும் மேருவிலும் வேலை பார்ப்பவருக்குச் சொந்த வாகனம் தேவையாகலாம். பிரிக்பீல்ட்ஸில் தங்கி இரயிலில் வேலைக்குச் செல்பவருக்குத் தேவையில்லை. தேவையையும் பெருமையையும் பிரித்தறிவது முதல் சம்பளத்தின் முதற்பாடம்.

படித்த துறையிலேயே வேலை கிடைக்கவில்லையென்று மனமுடைவோர் உண்டு. கிள்ளான் துறைமுகத்தைச் சார்ந்த சரக்கு நிறுவனங்களிலும், ஷா ஆலம், மேரு, காப்பார்த் தொழிற்சாலைகளிலும், மருத்துவமனைகளிலும், வங்கிகளிலும் வேறு துறையில் பட்டம் பெற்றோர் நன்றாகவே பணியாற்றி உயர்ந்திருக்கிறார்கள். முன்னே சொன்ன இரண்டாவது செல்வமாகிய பழக்கம் அங்கே கைகொடுக்கும். இரண்டு ஆண்டு அங்கே உழைத்துக்கொண்டே தம் துறையில் வாய்ப்பைத் தேடலாம். மேற்படிப்புக்குச் செல்ல விரும்புவோர் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளவேண்டும்: "இந்தத் துறையில் இன்னும் அறியவேண்டும் என்னும் வேட்கையால் செல்கிறேனா? வேலை தேடும் அச்சத்தால் செல்கிறேனா?" வேட்கையென்றால் கடன்பட்டேனும் செல்லலாம். அச்சமென்றால் அது இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் வாசலில் காத்துக்கொண்டிருக்கும்.

வார இறுதியில் ஒரு காலை

இனி, கொடுக்கவேண்டியதற்கு வருவோம். இதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராயிருந்த டாக்டர் எம். தம்பிராஜா 1982இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்களே அதன் ஆசிரியர்களாகச் சென்றார்கள். வார இறுதிகளில் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அப்பிள்ளைகள் பாடத்தோடு வேறொன்றையும் கற்றார்கள். தங்களைப் போலவே தோட்டத்தில் பிறந்த ஓர் அண்ணன், ஓர் அக்காள், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு எதிரே நிற்பதைக் கண்டார்கள். "நம்மாலும் முடியும்" என்பதை அவர்களுக்கு வேறு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் இதனைப் போன்ற முயற்சி ஒன்று நடந்தது. 1884இல் சாமுவேல் பார்னெட் என்னும் பாதிரியாரும் அவருடைய மனைவி ஹென்றியெட்டாவும் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த கிழக்கு இலண்டனில் டாயின்பி ஹால் என்னும் நிலையத்தை நிறுவினார்கள். ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள் அங்கே தங்கி அப்பகுதி மக்களுக்குக் கல்விப் பணி செய்தார்கள். அவ்வாறு அங்கே பணிசெய்தோருள் வில்லியம் பெவரிட்ஜ் ஒருவர். கிளமெண்ட் அட்லி மற்றொருவர். பெவரிட்ஜ் 1942இல் அளித்த அறிக்கை பிரிட்டனின் சமூகக் காப்புத் திட்டங்களுக்கு அடிப்படையாயிற்று. அட்லி 1945இல் பிரதமராகி அத்திட்டங்களைச் செயற்படுத்தினார். கற்பிக்கச் சென்றவர்கள் தாமும் கற்றுக்கொண்டு திரும்பினார்கள் என்பதற்கு இது சான்று.

"எனக்கு நேரம் எங்கே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு கடினமானது. அதனால் பெரிய இயக்கம் எதையும் தொடங்கச் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை போதும். காப்பாரில் வளர்ந்தவராயின் அங்குள்ள தமிழ்ப்பள்ளிக்கோ, இடைநிலைப்பள்ளிக்கோ, கோயில் மண்டபத்துக்கோ செல்லலாம். முன்கூட்டியே தலைமையாசிரியரிடமோ கோயில் நிர்வாகத்திடமோ பேசி அனுமதி பெறுங்கள். மேடையேறிச் சொற்பொழிவு ஆற்றவேண்டாம். மூன்றாம் படிவம் முதல் ஐந்தாம் படிவம் வரையிலான ஐந்தாறு பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் உட்காரவைத்துக்கொண்டு, நீங்கள் நடந்துவந்த வழியைச் சொல்லுங்கள். தாய்மார்கள் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். அவர்களோடு நல்ல தமிழில், பேச்சு நடையில், பொறுமையாகப் பேசுங்கள். விண்ணப்பம் நிரப்பும் காலத்தில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நூறு ரிங்கிட் நன்கொடை தருவதைவிட அந்த ஒரு மணி நேரம் சிலவேளை பெரிதாகும்.

தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிடாதீர்கள். விதிகள் மாறியிருக்கலாம். "இதை நான் விசாரித்துச் சொல்கிறேன்" என்று கூறி, விசாரித்துச் சொல்லுங்கள். தவறான வழி காட்டுவது வழி காட்டாமையினும் தீது.

எழுதி வையுங்கள்

முடிவாக ஒரு வேண்டுகோள். வேலை நேர்முகங்களுக்குப் புறப்படுமுன், அடுத்த ஒரு வாரத்துக்குள், ஓர் ஏட்டில் மூன்று பக்கங்கள் எழுதுங்கள். முதற் பக்கத்தில், நான்காம் படிவம் முதல் பட்டம் வரை நீங்கள் எடுத்த ஒவ்வொரு முடிவையும், அதனால் விளைந்த நன்மை தீமைகளையும் எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில், உங்கள் சம்பளம், கடன், வீட்டுத் தேவை, சேமிப்பு ஆகியவற்றை எண்களில் எழுதுங்கள். மூன்றாம் பக்கத்தில், உங்கள் உறவிலும் தெருவிலும் இன்னும் ஐந்து ஆண்டுகளுக்குள் எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகளின் பெயர்களை எழுதுங்கள். முதற் பக்கத்தில் இருப்பது அந்த மூன்றாம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத்தான் தேவை.

திருவள்ளுவர் கல்வியைப் பற்றிய அதிகாரத்தை நாற்பதாவதாக அமைத்தார். செய்ந்நன்றி அறிதலைப் பற்றிய அதிகாரமோ பதினோராவதிலேயே வந்துவிடுகிறது. கற்றவர்க்கு நன்றியறிதல் முன்னரே இருக்கவேண்டும் என்று நாம் இதிலிருந்து பொருள் கொள்வதில் பிழையில்லை. நமக்குக் கொடுத்தவர்களுள் பலர் இன்று உயிரோடு இல்லை. அவர்களிடம் திருப்பிக் கொடுக்க இயலாது. அவர்கள் கேட்ட கல்வியை அடுத்த பிள்ளைக்குச் சேர்ப்பிக்க இயலும்.